கண்காணிப்புக் கிணறு எங்கே வேண்டும்?

கேள்வி: எங்கள் பிரிவில் இருபது கிணறுகளில் மாதம் ஒருமுறை நீர்மட்டம் அளக்கிறோம். அநேகமானவை வீதியோரத்திலும் பாடசாலை வளவுகளிலும் இருப்பவை. புதிதாக நாலு குழாய்க்கிணறு அடிக்கத்தான் காசு இருக்கிறது. நிலத்தடி நீரின் ஓட்டத்தைக் கணக்கிடும் கணினி மாதிரியுரு (இனி 'மாதிரி') எங்கே அடிப்பது என்று சொல்லுமாமே, எப்படி?
– கமக்காரர் அமைப்பு உறுப்பினர், வவுனியா வடக்கு

பதில்: சொல்லும். ஆனால் எதை அறிய வேண்டும் என்பதை முதலில் நீங்கள் முடிவு செய்ய வேண்டும். ஆவணியில் குடிநீர்க் கிணறுகளில் எவ்வளவு தண்ணீர் மிஞ்சும் என்பது ஒரு கேள்வி. குளத்திலிருந்து எவ்வளவு ஊறிப் போகிறது என்பது வேறு கேள்வி. இரண்டுக்கும் ஒரே இடத்துக் கிணறு விடை தராது.

அமெரிக்கப் புவிச்சரிதவியல் அளவை நிறுவனம் 1984 இல் முதன்முதலில் வெளியிட்ட மொட்ஃபுளோ என்ற மென்பொருள் இதற்குப் போதும்; அது இலவசம். உங்கள் பிரிவை 100 அல்லது 200 மீற்றர் சதுரக் கட்டங்களாகப் பிரியுங்கள். வவுனியாவில் அடியில் இருப்பது கருங்கற்பாறை. தண்ணீர் நிற்பது அதன் மேலுள்ள உக்கிய படையிலும் பாறை வெடிப்புகளிலும்தான்; ஆகவே மாதிரியில் குறைந்தது இரண்டு படைகள் வேண்டும். நீர்ப்பிரி மேடுகளும் குளங்களின் நீர்மட்டமும் எல்லைகள். மழை ஊறலையும் தோட்ட இறைப்பையும் மாதவாரியாகக் கொடுங்கள். பிறகு, கணக்கு அளந்த மட்டங்களோடு பொருந்தும்வரை பாறையின் நீர்கடத்தும் தன்மையையும் ஊறலையும் மாற்ற வேண்டும். இதற்கு பெஸ்ட் என்ற மென்பொருள் உண்டு, அதுவும் இலவசம்.

முக்கியமான இடம் இனித்தான். நூறு விதமாக மாற்றினாலும் பழைய அளவீடுகளோடு பொருந்திவிடும். ஆனால் பொருந்திய அந்த நூறும் ஆவணி நீர்மட்டத்துக்கு வெவ்வேறு விடை சொல்லும். எந்த இடத்து அளவீடு அந்த வேறுபாட்டை அதிகம் குறைக்குமோ, அங்கேதான் கிணறு வேண்டும். கிணறு அடிக்குமுன்பே இதைக் கணக்கிடலாம். அங்கே நீர்மட்டம் என்னவாக இருக்கும் என்று தெரியத் தேவையில்லை. அந்த அளவீடு மாதிரியின் எந்தப் பெறுமானத்தை எவ்வளவு கட்டுப்படுத்தும், அளவீட்டுப் பிழை எவ்வளவு என்ற இரண்டும் போதும்.

நாலு இடத்தையும் ஒரே தடவையில் தெரிவு செய்ய வேண்டாம். பட்டியலில் முதல் நாலும் பெரும்பாலும் பக்கத்துப் பக்கத்தில் இருந்து ஒரே தகவலைத்தான் தரும். முதலாவதைச் சேர்த்து மறுபடி கணக்கிட்டு இரண்டாவதைத் தெரியுங்கள். இருபதையும் இதேபோல ஒவ்வொன்றாக நீக்கிப் பாருங்கள். நீக்கியும் விடைகளின் வேறுபாடு அதிகரிக்காத கிணறுகளை விட்டுவிடலாம். நீண்டகால அளவீடு உள்ள கிணற்றை மட்டும் விடாதீர்கள். வருடக்கணக்கான ஏற்ற இறக்கத்தை அது ஒன்றுதான் காட்டும்.

மாதிரிக்குப் பாறை வெடிப்பு தெரியாது. மாதிரி காட்டிய இடத்தில் மின்தடை அளவை (நிலத்துக்குள் மின்சாரம் செலுத்தி அடியில் இருப்பதை அறியும் முறை) செய்து பார்த்தபின் அடியுங்கள். அடித்தபின் ஒரு வாளி தண்ணீரை ஊற்றி, மட்டம் எவ்வளவு நேரத்தில் பழைய நிலைக்கு வருகிறது என்று பாருங்கள். ஒரு நாளாகியும் இறங்காவிட்டால் அந்தக் குழாய் அடைத்திருக்கிறது, அல்லது வெடிப்பில்லாத பாறையில் நிற்கிறது. அதன் அளவீட்டை நம்பி மாதிரியைத் திருத்தினால் மாதிரியும் கெட்டுப்போகும்.

தோட்டக் கிணறுகளிலும் கவனம் வேண்டும். 5 மீற்றர் விட்டமுள்ள கிணற்றில் ஒரு மீற்றர் உயரத்துக்கு ஏறத்தாழ 20,000 லீற்றர் நிற்கும். இறைத்தபின் அது மெதுவாகத்தான் ஊறும், அப்போது அளப்பது நிலத்தடி நீர்மட்டமே அல்ல. விடியற்காலையில், மோட்டர் போடுமுன் அளக்க வேண்டும். கிணற்றுக்கட்டில் அழியாத குறியிட்டு, அதன் உயரத்தை மட்டக்கருவியால் அளந்து வையுங்கள். நில உயரத்தை வரைபடத்தில் பார்த்துக் குத்துமதிப்பாக எழுதினால் சில மீற்றர் பிழை வரும். தண்ணீர் ஓடும் திசையே மாறித் தெரியும். புதுக் கிணறு அடிப்பதற்கு முன்பு செய்ய வேண்டிய வேலை இதுதான்.

கேள்வி: ஒரே வளவில் வெட்டுக்கிணறும் ஆழமான குழாய்க்கிணறும் வெவ்வேறு மட்டம் காட்டுகின்றன. எது சரி?
– முருங்கன்

பதில்: இரண்டும் சரி. உங்கள் பக்கம் ஆழத்தில் இருப்பது மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல். அதன் தண்ணீர் மேலுள்ள களிப் படையால் அழுத்தப்பட்டு நிற்கிறது. வெட்டுக்கிணறு அதற்கு மேலுள்ள தண்ணீரைக் காட்டுகிறது. மாதிரியில் இவற்றை வெவ்வேறு படைகளில் பதியுங்கள். இரண்டு படையிலும் துளையிட்ட ஒரே குழாய் எதற்கும் உதவாது. கலந்த மட்டத்தைக் காட்டும், உவர்நீர் ஒரு படையிலிருந்து மற்றதுக்குப் போக வழியும் விடும். களியை ஊடறுக்கும் இடத்தில் குழாயைச் சுற்றி பென்ரனைற் என்ற, தண்ணீரில் ஊதும் களியால் அடைக்க வேண்டும்.

கேள்வி: எத்தனை நாளுக்கு ஒருமுறை அளப்பது?
– கிளிநொச்சி

பதில்: மாதம் ஒருமுறை; ஐப்பசியிலிருந்து மார்கழி வரை வாரம் ஒருமுறை. இரணைமடுவின் கீழ் இருப்பவர்கள் சிறுபோகத்துக்குத் துருசு திறக்கும் வாரத்தில் நாள்தோறும் அளந்தால் நல்லது. மழையில்லாத நேரத்தில் மட்டம் உயர்வதை வைத்து வாய்க்கால், வயல் ஊறலைத் தனியே பிரித்தறியலாம். தானியங்கி அழுத்தமானி போட்டால் வளியமுக்கத்தையும் பதியுங்கள். காற்றுக்குழாய் இல்லாத மானியில் ஒரு மில்லிபார் மாற்றம் ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் நீர்மட்டமாகத் தெரியும்.