கப்பியின் நிறையை எப்போது விட்டுவிடலாம்?

கேள்வி: கப்பியில் நூலைப் போட்டு ஒரு பக்கம் 210 கிராம், மறுபக்கம் 200 கிராம் தொங்கவிட்டு, முடுக்கத்தை அளந்து புவியீர்ப்பு முடுக்கம் g கண்டுபிடித்தோம். எத்தனை முறை செய்தாலும் 9.2 பக்கத்திலேயே வருகிறது. நிறையற்ற நூல், நிறையற்ற கப்பி என்று பாடத்தில் சொல்கிறார்களே, அதை எப்போது நம்பலாம்?
– பிளஸ் ஒன் மாணவி, திருச்சி

பதில்: முதலில் அந்தக் கப்பியைத் தராசில் வைத்துப் பாருங்கள். 50 கிராம் உள்ள உலோகத் தட்டாக இருந்தால் விடை அதிலேயே இருக்கிறது. சீரான தட்டு சுழலும்போது தன் நிறையில் பாதி, அதாவது 25 கிராம், இழுக்க வேண்டிய சுமையோடு சேர்ந்துகொள்ளும், தட்டு பெரிதோ சிறிதோ அது மாறாது. அப்போது மொத்தம் 410 அல்ல, 435. நீங்கள் 410 என்று போட்டுக் கணக்கிட்டால் 9.8க்குப் பதிலாக 9.24தான் வரும். 5 கிராம் பிளாஸ்டிக் கப்பி என்றால் பிழை ஒரு சதவீதம்கூட இல்லை, தாராளமாக விட்டுவிடலாம்.

நூல் விஷயம் வேறு, இங்கேதான் நிறைய பேர் ஏமாந்துபோகிறார்கள். தொங்கும் நூல் ஒரு கிராம்தானே, 410இல் அது எம்மாத்திரம் என்று தோன்றும். ஆனால் எடைகளை ஓட வைப்பது அந்த 10 கிராம் வித்தியாசம் மட்டும்தான். கனமான எடை மேலே இருக்கும்போது நூல் முழுக்க இலேசான பக்கம் தொங்குவதால் 10 என்பது 9 ஆகிவிடும், எடை கீழே வந்த பிறகு அதுவே 11. முடுக்கம் ஒரே அளவாக இருக்காது. தைக்கிற நூல் போதும், சணல் கயிறு வேண்டாம். அச்சு உராய்வையும் அந்த 10 கிராமோடுதான் ஒப்பிட வேண்டும். 1784இல் இந்தப் பொறியைப் பற்றி எழுதிய கேம்பிரிட்ஜ் ஆசிரியர் ஜார்ஜ் அட்வுட், கப்பியின் அச்சையே சின்னச் சக்கரங்கள்மேல் உருள வைத்தது உராய்வைக் குறைக்கத்தான்.

ஸ்டாப்வாட்ச் பிழையே ஐந்தாறு சதவீதம் வருமே, கப்பியை ஏன் பார்க்க வேண்டும் என்று கேட்கலாம். கைப்பிழை ஒருமுறை கூடும், ஒருமுறை குறையும், சராசரியில் பெரும்பாலும் அடிபட்டுப்போகும். கப்பியோ எப்போதும் ஒரே பக்கம்தான் இழுக்கும், நூறு முறை செய்தாலும் சராசரி அதைச் சரிசெய்யாது.

சரி, கனமான கப்பிதான் ஆய்வகத்தில் இருக்கிறது என்றால்? வித்தியாசத்தை 10 கிராமிலேயே வைத்து இரண்டு பக்கமும் சமமாக எடை கூட்டிக்கொண்டே போங்கள். மொத்த நிறைக்கு எதிராக முடுக்கத்தின் தலைகீழியை (1 ÷ முடுக்கம்) வரைந்தால் நேர்கோடு கிடைக்கும். அதன் சாய்விலிருந்து g வரும், கோட்டை இடப்பக்கம் நீட்டினால் நிறை அச்சை வெட்டும் இடத்தில் கப்பியின் 25 கிராமும் கிடைக்கும்.