கிம்ப்பில் காளையின் திமில் வளையாமல் உடைந்து வருவது குறித்து

படங்களைத் திருத்தும் மென்பொருளான கிம்ப்பில், புள்ளிகளை இணைத்துக் கோடு வரையும் பாத் (பாதை) கருவியால் காளையின் திமிலை வரைந்தால் கோடு வளையவில்லை என்று கேட்டிருந்தீர்கள். புள்ளியை வைத்ததும் மவுஸ் பொத்தானை விட்டுவிடாமல், அழுத்தியபடியே வளைவு போக வேண்டிய திசையில் இழுங்கள். அலங்காநல்லூர் காளைப் படத்தில் திமிலைச் சுற்றி நீங்கள் வைத்த இருபது புள்ளிகளுக்கிடையே கோடு நேராகவே ஓடுவதற்கு, ஒவ்வொன்றையும் வெறுமனே கிளிக் செய்ததே காரணமாக இருக்கும்.

இழுத்தும் வளையவில்லையென்றால், பாத் கருவியின் விருப்பத் தேர்வுகளில் ‘பாலிகோனல்’ (நேர்கோடுகள் மட்டும்) டிக் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். அது இருக்கும்வரை, புள்ளியிலிருந்து நீண்டு வளைவை மாற்ற உதவும் கைப்பிடிகளே கிடைக்கமாட்டா.

பழைய பாதையைத் திருத்துவதைவிடப் புதிதாகத் தொடங்குவதே நல்லது. திமில் எழும் இடத்தில் ஒன்று, உச்சியில் ஒன்று, முதுகில் இறங்கி முடியும் இடத்தில் ஒன்று என மூன்று புள்ளிகளே போதும். உச்சிப் புள்ளியின் கைப்பிடியை ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு இழுத்தால், இரு பக்கமும் சமமாக நீண்டு வளைவு முறியாமல் அமையும். கொம்பு நுனியில் மட்டும் ஷிஃப்டை விட்டுவிட்டுக் கைப்பிடிகளைத் தனித்தனியாகத் திருப்புங்கள். அங்கே கூர்மை வேண்டும். புள்ளிகள் குறையக் குறையத்தான் காளையின் மிடுக்கு கோட்டில் வரும் என்பது, மதுரையில் ஃபிளக்ஸ் வடிவமைத்துப் பழகிய என் உறுதியான எண்ணம்.

ஆனால் பாதை வெறுமனே இருந்தால் அச்சில் தெரியாது. அதற்கு ‘ஸ்ட்ரோக்’ கொடுக்க வேண்டும், அதாவது பாதையின் மேல் கோடு தீட்ட வேண்டும். பின்னர் திருத்துவதற்காகக் கோப்பைக் கிம்ப்பின் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப் வடிவிலும் சேமித்து வையுங்கள்.