வசந்தம் வந்தும் ஒரு மரம் மட்டும் துளிர்க்கவில்லை, வெட்டிவிடலாமா?

மற்ற மரங்களெல்லாம் துளிர்த்துவிட்டன, ஒன்று மட்டும் மொட்டையாக நிற்கிறது, வெட்டிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து இன்னும் சில வாரங்கள் பொறுங்கள். எல்லா மரமும் ஒன்றாக விழித்துக்கொள்வதில்லை. மல்பெரி, வால்நட் போன்றவை குளிர் முழுதாக விலகிய பிறகே மெல்லத் துளிர்க்கும்.

அதுவரை ஒன்று செய்யலாம். பென்சில் கனமுள்ள குச்சி ஒன்றின் மேல்தோலை நகத்தால் லேசாகக் கீறுங்கள். உள்ளே ஈரமாகப் பச்சை தெரிந்தால் அந்தக் கிளைக்கு உயிர் இருக்கிறது. பழுப்பாக, காய்ந்து இருந்தால் அந்த இடம் போய்விட்டது. ஆனால் மரமே போய்விட்டது என்று அர்த்தமில்லை. நுனியிலிருந்து கீழ்நோக்கிக் கீறிக்கொண்டே வாருங்கள், பச்சை எங்கே தொடங்குகிறது என்று தெரியும்.

என் ஆப்பிள் மரத்தில் இப்படித்தான் இரண்டு கிளைகள் துளிர்க்கவில்லை. கீறியபோது நுனி பழுப்பு, ஒரு முழம் கீழே பச்சை. அப்புறம்தான் குச்சியையே கவனித்தேன். குச்சியைச் சுற்றி மோதிரம் போட்டதுபோல் நெருக்கமான தழும்புகள் இருக்கும். குளிர்காலத்தில் நுனி மொட்டைப் போர்த்தியிருந்த செதில்கள் உதிர்ந்த இடம் அது. இரண்டு தழும்புகளுக்கு நடுவே உள்ளது ஒரு வருட வளர்ச்சி. என் மரத்தில் மூன்று வருடத்துக்கு முன் ஒரு சாண், அடுத்த வருடம் நாலு விரல், கடைசி வருடம் ஒரு விரல்கூட இல்லை. மரம் மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது, எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை. அதை நினைத்தால் இன்னும் வருத்தமாக இருக்கிறது.

காரணம் அடியில் இருந்தது. நல்லது என்று நினைத்து மண்ணையும், மூடாக்கையும் (மண்ணின் ஈரம் காக்கப் பரப்பும் காய்ந்த இலைதழை) தண்டைச் சுற்றி அரையடிக்குக் குவித்து வைத்திருந்தேன். விலக்கிப் பார்த்தால் பட்டை ஊறி மெத்தென்று இருந்தது. தண்டு விரிந்து வேராக இறங்கும் இடம் வெளியே தெரிய வேண்டும். மூடினால் பட்டை அழுகும், வேருக்குக் காற்றும் குறையும். மூடாக்கு போடுங்கள், தண்டைத் தொடாமல் ஒரு கை தள்ளிப் போடுங்கள்.

காய்ந்த கிளையைக் கவாத்து செய்யும்போது, கிளை தண்டோடு சேரும் இடத்தில் உள்ள புடைப்பை விட்டுவிட்டு வெட்டுங்கள். வெட்டிய இடத்தில் பெயிண்ட் வேண்டாம். அமெரிக்க வனத்துறையில் பணிபுரிந்த அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை அறுத்துப் பார்த்துச் சொன்னது இது: மரம் காயத்தை ஆற்றுவதில்லை, சுற்றிச் சுவர் எழுப்பி அழுகலைத் தடுத்து நிறுத்துகிறது. அந்தச் சுவருக்குப் புடைப்பு முக்கியம்.

துளிர்த்துவிட்டதே என்று உடனே நிம்மதியாகிவிடவும் வேண்டாம். சேமித்து வைத்த சத்தை வைத்தே நோயுற்ற கிளைகூடக் கொழுந்து விடும், வெயில் ஏறியதும் வாடிவிடும். பட்டையில் சிறு துளையும் மரத்தூளும் தெரிந்தால் துளைப்பான் புழு இருக்கலாம். தண்டில் படரும் பாசிக்குப் பயப்பட வேண்டியதில்லை. அடிமரத்தில் காளான் முளைத்து, மரமும் வீட்டுப் பக்கம் சாய்ந்திருந்தால் மட்டும் தாமதிக்காமல் விவரம் தெரிந்தவரை அழைத்துக் காட்டுங்கள்.

சரி, முதலில் நாலைந்து இடத்தில் கீறிப் பாருங்கள். என்ன நிறம் தெரிந்தது, அடித்தண்டு எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள். மேற்கொண்டு பார்ப்போம்.