வகுப்பு எடுக்க வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் பாருங்கள்

கேள்வி: கணக்கியல் படித்து முடித்திருக்கிறேன். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு இந்தப் படிப்பைக் கொண்டு ஏதாவது செய்ய முடியுமா?

தாராளமாக முடியும். ஆனால் 'நிதி அறிவூட்டல் செயலமர்வு' என்று பதாகை கட்டி, பல்நோக்கு மண்டபத்தில் பெண்களை உட்கார வைத்து, சேமியுங்கள் என்று சொல்லும் எண்ணம் இருந்தால் அதை விட்டுவிடுங்கள். சுனாமிக்குப் பிறகு இங்கே அந்தச் செயலமர்வுகளுக்கும் சிற்றுண்டிப் பொதிகளுக்கும் பஞ்சமே இருந்ததில்லை. கூலிக்குப் போகிற பெண்ணுக்குச் சிக்கனத்தை நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. கையெழுத்துப் போடுவதற்கு முன் கடன் தாளைக் கணக்குத் தெரிந்த ஒருவரிடம் காட்ட அவருக்கு ஆள் இல்லை. அந்த ஆளாக இருங்கள்.

நான் மட்டக்களப்பு நகரில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பகுதியில் வேலை செய்கிறேன். 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு, வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக் கிராமங்களுக்குப் போய் வருவது பெரிய காரியமில்லை. வாரக் கடைசியில் கொக்கட்டிச்சோலைப் பக்கம் போவேன். (தவணை வசூலிக்க வருபவர்களின் மோட்டார் சைக்கிள்களும் அதே பாலத்தில்தான் போகின்றன.)

அங்கே நான் அதிகம் பார்ப்பது நுண்கடன் அட்டைகள், அதாவது தனியார் நிறுவனங்கள் கொடுக்கும் சிறு கடன்களின் தவணை அட்டைகள். ஓர் உதாரணம் சொல்கிறேன். கடன் 60,000 ரூபா, வட்டி நூற்றுக்கு 24, தவணைக் காலம் ஒரு வருடம், மாதம் 6,200 ரூபா கட்ட வேண்டும். 60,000க்கு 24 வீதம் 14,400. இரண்டையும் கூட்டி 12ஆல் பிரித்தால் 6,200. கணக்கில் பிழை எதுவும் இல்லை. ஆனால் கட்டக் கட்ட முதல் தொகை மாதாமாதம் குறைந்துகொண்டு வந்தாலும், வட்டி கடைசித் தவணை வரை முழு 60,000க்கும் போடப்படுகிறது. குறைந்து செல்லும் மீதியை வைத்துப் பார்த்தால் இது ஆண்டுக்கு ஏறத்தாழ 42 வீதம். அந்த 60,000 முழுதாகக் கைக்கு வருவதுமில்லை. ஆவணக் கட்டணம், காப்புறுதி என்று 5,000 ரூபாவைக் கழித்துக்கொண்டு 55,000 கொடுத்தால், வட்டி மாதத்துக்கு 5 வீதத்தை, அதாவது ஆண்டுக்கு 60ஐத் தொடுகிறது. இதைக் காட்டக் கைபேசியில் உள்ள கல்குலேட்டர் போதும். காட்டிய பிறகும் பலர் கடனை எடுக்கத்தான் செய்வார்கள். மகளின் பிரசவச் செலவுக்கு வேறு வழி இல்லாதவரைத் தடுக்க நாம் யார்? ஆனால் இரண்டு நிறுவனங்களில் எது மலிவு என்று ஒப்பிட்டுக் கேட்பார்கள். வீட்டில் நகை இருந்தால் அரச வங்கியில் அடகு வைப்பது இதைவிட எவ்வளவு குறைவு என்று கேட்பார்கள். அந்தக் கேள்விகள் வந்தால் நல்லது.

வட்டியைவிடக் கொடியது தவணையின் கால ஒழுங்கு. நான் அப்பியாசக் கொப்பியில் பன்னிரண்டு கட்டம் கீறி, ஒவ்வொரு மாதமும் வீட்டுக்குள் என்ன காசு வரும் என்று கேட்டு எழுதுவேன். கார்த்திகை, மார்கழியில் மாரி மழை. மேசன் வேலையும் இல்லை, கூலி வேலையும் இல்லை. தை பிறந்தால் பிள்ளைகளுக்குக் கொப்பி, சப்பாத்து வாங்க வேண்டும். மாசி, பங்குனியில் வேளாண்மை வெட்டு. அதிலும் வெட்டு இயந்திரம் வந்த பிறகு கூலி சுருங்கிவிட்டது. உன்னிச்சைக் குளத்து நீர் பாயும் இடங்களில் சிறுபோகம் கொஞ்சம் கைகொடுக்கும். வருமானம் இப்படி ஏறியும் இறங்கியும் வர, கிழமைத் தவணைக்குக் கடன் கொடுத்த நிறுவனத்துக்கு மட்டும் ஒவ்வொரு கிழமையும் ஒரே தொகை வேண்டும். அதனால் மாரியில் முதற்கடனைக் கட்ட இரண்டாவது கடன் எடுக்கப்படுகிறது. குழுவில் உள்ளவர்கள் ஒருவருக்கொருவர் பிணை என்பதால் ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் அவர் வீட்டு வாசலில் நிற்பார்கள். இதை ஊதாரித்தனம் என்று நகரத்தில் இருந்துகொண்டு பேசுபவர்கள் இந்தப் பன்னிரண்டு கட்டத்தை ஒரு தடவை நிரப்பிப் பார்க்கலாம்.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்றும் சொல்லிவிட முடியாது. 2016ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நுண்நிதியளிப்புச் சட்டம் வந்தது. 2018இல் இலங்கைக்கு வந்த ஐ.நா. சுயாதீன நிபுணர் யுவான் பப்லோ பொகொஸ்லாவ்ஸ்கி, 220 வீதம் வரை வட்டி அறவிடப்படுவதாகச் சொன்னார். அதே ஆண்டில் 35 வீத உச்சவரம்பும், வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட பெண்களின் கடன்களுக்கு நிவாரணமும் வந்தன. ஆனால் வரம்பு எதுவானாலும், அது மீறப்படுகிறதா என்று பார்க்க, யாராவது அந்த அட்டையைக் கையில் எடுத்துக் கணக்குப் போட வேண்டுமே.

அடுத்தது சங்கக் கணக்கு. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் ஒன்றின் பொருளாளரைக் கேட்டுப் பாருங்கள். பற்றுச்சீட்டுகள் பால்மா டின்னுக்குள், காசேடு பாதியில், வங்கிப் புத்தகத்தில் ஒரு தொகை, கொப்பியில் வேறொரு தொகை. ஊரில் கதை கிளம்ப அது போதும். ஒரு சதமும் எடுக்காத பெண், காசை எடுத்துவிட்டார் என்ற பெயரோடு பதவி விலகுவார். அதன் பிறகு அந்தப் பதவிக்கு யாரும் வரமாட்டார்கள், உறுப்பினர்களுக்கு மாறி மாறிக் கடன் கொடுக்கும் சுழல் நிதி படுத்துவிடும். வங்கிப் புத்தகமும் காசேடும் ஏன் ஒத்துப்போகவில்லை என்று காட்டும், நாம் உயர்தரத்தில் சலிப்போடு படித்த வங்கிக் கணக்கிணக்கக் கூற்று இருக்கிறதே, அதற்கு இவ்வளவு பெறுமதி உண்டு என்று எனக்கு அங்கேதான் தெரிந்தது. கூற்றைத் தயாரித்துக் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். பொருளாளரையே எழுத வையுங்கள், நீங்கள் பக்கத்தில் இருங்கள்.

சிறு தொழில் செய்பவர்களுக்கு அடக்கவிலை பார்த்துக் கொடுக்கலாம். கடைகளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுக்கும் ஓர் அம்மாவிடம் இலாபம் எவ்வளவு என்று கேட்டேன். "இலாபமா? கையில் காசு புழங்குகிறது மகன், அவ்வளவுதான்" என்றார். மாவும் தேங்காயும் கணக்கில் இருந்தன. விறகும், விடியற்காலையில் எழும்பும் அவருடைய உழைப்பும், கடைக்காரர் திருப்பித் தந்த மிச்ச இடியப்பமும் கணக்கில் இல்லை. நட்டம் அந்த மிச்சத்தில்தான் இருந்தது. இரண்டு கடைகளுக்குத் தொகையைக் குறைக்கச் சொன்னோம். மருதமுனைக் கைத்தறியிலும் இதே கதைதான், நூல் சுற்றும் வீட்டார் உழைப்புக்கு யாரும் விலை போடுவதில்லை.

இன்னும் சில. கடையில், தொழிற்சாலையில் நிற்கும் பிள்ளைகளின் சம்பளச் சிட்டையைப் பாருங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு (EPF) ஊழியரிடம் 8 வீதம் பிடித்தால் முதலாளி 12 வீதம் போட வேண்டும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு (ETF) முதலாளி மேலும் 3 வீதம். சிட்டையில் பிடித்துவிட்டுக் கணக்கில் போடாதவர்கள் உண்டு. சிறிய நிலையான வைப்பின் வட்டியில் வாழும் முதியவர்களுக்கு, அந்த வட்டியில் வங்கி 2025 ஏப்ரலில் இருந்து பிடித்துவரும் 10 வீத வரியை நிறுத்த உதவலாம். ஆண்டு வருமானம் 18 இலட்சத்துக்கு மேற்படாவிட்டால் வங்கிக்குச் சுய பிரகடனம் கொடுக்கலாம். வரி இலக்கம் எடுத்து, அந்தப் படிவத்தை நிரப்பிக் கொடுப்பது ஒரு பிற்பகல் வேலை.

ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள். யாருடைய காசையும் கையால் தொடாதீர்கள், யாருக்கும் பிணை நிற்காதீர்கள், எந்தக் கடன் நிறுவனத்துக்கும் ஆள் பிடித்துக் கொடுக்காதீர்கள். ஒரு வீட்டுக் கடன் விபரத்தை அடுத்த வீட்டில் வாய் தவறியும் சொல்லாதீர்கள்.

தொடங்குவதற்கு அந்தப் பிரிவின் கிராம அபிவிருத்தி உத்தியோகத்தரைப் பிடியுங்கள். எந்தச் சங்கத்துக்கு ஆண்டுப் பொதுக்கூட்டம் நெருங்குகிறது, எதற்குக் கணக்கறிக்கை இல்லை என்று அவருக்குத் தெரியும். முதல் நாள் மடிக்கணினியோடு போக வேண்டாம், பரிசோதிக்க வந்தவர் என்று நினைத்துக் கொப்பியை ஒளித்துவிடுவார்கள்.