புழு அடையில் ஓட்டையா? மருந்து வாங்குமுன் அறைகளை எண்ணுங்கள்

குலசேகரம் வாசகர் கேட்கிறார்: நன்றாகத் தேன் தந்த ஒரே கூட்டிலிருந்து மூன்று ஆண்டில் 40 பெட்டி பிரித்தேன். இப்போது மூடிய புழு அறைகளுக்கு நடுவே நிறைய காலி அறைகள். ராணி முட்டையிடுகிறது. வியாபாரி மருந்து தருகிறார், வாங்கலாமா?

வாங்காதீர்கள். தேனீ ஆணா பெண்ணா என்பதை ஒரு மரபணு தீர்மானிக்கிறது. 2003இல் அதைக் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பல வடிவங்கள் உண்டு, அல்லீல் என்பார்கள். கருவுற்ற முட்டையில் இரு வேறு அல்லீல் சேர்ந்தால் வேலைக்கார ஈ. இரண்டும் ஒன்றே என்றால் உதவாத ஆண் புழு. அதை வேலைக்கார ஈக்களே தின்றுவிடும். அந்த அறைதான் உங்கள் ஓட்டை. ஒரே கூட்டிலிருந்து பிரித்துக்கொண்டே போனால் அல்லீல் வகை குறையும், ஒரே அல்லீல் இரண்டு சேர்வது கூடும்.

அளந்து பாருங்கள். அண்மையில் மூடிய வேலைக்கார அடையில், வரிசைக்கு 10 அறையாக 10 வரிசை எடுத்துக் காலி அறைகளை எண்ணுங்கள். ஈ கடித்து வெளியேறிய அடையை எடுத்தால் கணக்கு கெடும். வட்டாரத்தில் 10 அல்லீல் சம அளவில் புழங்கினால் சராசரியாக 10 அறை காலி. 4 மட்டுமே என்றால் 25. அதாவது 100ஐக் காலி எண்ணிக்கையால் வகுத்தால் தோராயமான அல்லீல் எண் வரும். ஆனால் உங்கள் 40 பெட்டியும் ஒரு தாய் வழி வந்தவை. அவற்றை மட்டும் எண்ணினால் வட்டாரக் கணக்காகாது. உறவில்லாத பத்துக் கூடாவது, வெவ்வேறு தோட்டங்களில் பார்க்க வேண்டும்.

ஒரு விலக்கை மட்டும் அலட்சியப்படுத்தாதீர்கள்: பைப்புழு நோய். 1991-92இல் தென்னிந்தியக் கூடுகளை வாரிக்கொண்டு போன அதே நோய். அதில் அறைகள் வெறும் காலியாக மட்டும் இருக்காது. செத்த புழு தலை நிமிர்ந்து நீட்டிக் கிடக்கும். இடுக்கியால் எடுத்தால் நீர் கட்டிய பை போலக் கிழியாமல் வரும். கண்டால் அடை கட்டிய மரச்சட்டங்களை அடுத்த பெட்டிக்கு மாற்றாதீர்கள், பெட்டியையும் நகர்த்தாதீர்கள், அதிலிருந்து பிரிக்கவும் வேண்டாம்.

அடுத்த வலை, 'புது ராணி' என்று விற்கும் தரகர்கள். பத்து ராணியும் ஒரு தாய்க்கூட்டில் வளர்ந்தவை என்றால் பணம் கொடுத்து அதே சிக்கலை வாங்குகிறீர்கள். தாய்க்கூடு எங்கே இருக்கிறது, எத்தனை என்று கேளுங்கள். மழுப்பினால் திரும்பி வாருங்கள். தேனீ வளர்ப்புக்கு அரசு மானியம் என்றாலும் பெட்டிகளைத்தான் எண்ணுகிறார்கள். தாய்க்கூடு எது என்று படிவத்தில் ஒரு வரி சேர்க்க என்ன செலவாகும்?

அருமனை, பேச்சிப்பாறை பக்கம் மரப்பொந்து, பாறையிடுக்கில் பிடித்த நோயற்ற கூடுகள் ஐந்தாறை வெவ்வேறு இடங்களிலிருந்து கொண்டுவாருங்கள். அவற்றில் முற்றிய ராணி அறைகளை வெட்டி, ராணி நீக்கிய உங்கள் பெட்டிகளில் பிரித்துப் பொருத்துங்கள். ரப்பர் தளிர் விடும் முன் முடித்துவிட்டால் தேன் காலத்துக்குள் ஈக்கூட்டம் தேறிவிடும்.