வேறொரு நாடு நடுவில் வந்து எல்லைத் தகராறு தீர்ந்த வரலாறு உண்டா?

உண்டு. ஆனால் தீர்ப்புச் சொன்னால் மட்டும் எப்போதும் தீர்ந்துவிடாது.

கடலூர் முதுநகரில் எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் இரண்டடிச் சந்துக்காக ஒன்பது வருஷம் வழக்கு. எங்கள் பக்கம் தீர்ப்பானது. அப்பா கல் நட்டார். மறுநாள் காலையில் கல் தெருவில் கிடந்தது.

பீகிள் கால்வாயிலும் இதே கதைதான். தென்னமெரிக்காவின் தெற்குக் கோடியில் பிக்டன், லெனாக்ஸ், நுவேவா என்று மூன்று தீவுகள். 1977-இல் நடுவர் மன்றம் சிலிக்கே என்றது. செல்லாது என்று அர்ஜென்டினா தூக்கிப் போட்டது. 1978 டிசம்பரில் போர் மூளும் நிலை. போப் இரண்டாம் ஜான் பால் அவசரமாக கார்டினல் அந்தோனியோ சமோரேவை அனுப்பினார். தீவு யாருக்கு என்ற பேச்சையே முதலில் அவர் எடுக்கவில்லை. இரண்டு தலைநகருக்கும் மாறி மாறிப் பறந்து, 1979 ஜனவரி 8 அன்று, அடிதடி கிடையாது, போப்பின் சமரசத்துக்கு உட்படுகிறோம் என்று மட்டும் கையெழுத்து வாங்கினார்.

பிறகு ஆறு வருஷ இழுவை. 1980-இல் போப் வைத்த யோசனைக்கு சிலி சரி என்றது, அர்ஜென்டினா பிடிகொடுக்கவில்லை. 1982-இல் ஃபாக்லாந்து தீவுப் போரில் பிரிட்டனிடம் அடிவாங்கிய அர்ஜென்டினாவின் ராணுவ ஆட்சி மறுவருஷம் போனது. அப்புறம்தான், 1984 நவம்பர் 29-இல் ஒப்பந்தம். தீவுகள் சிலிக்கு, கிழக்கே கடல் பெரும்பாலும் அர்ஜென்டினாவுக்கு. அதைப் பார்க்க சமோரே உயிரோடு இல்லை.

இலங்கையில் சமரசம் பேசப்போன நார்வே ஏன் தோற்றது என்று அடுத்து கேட்பீர்கள். 2002 போர்நிறுத்த ஒப்பந்தத்தைக் கண்காணித்த குழுவால் மீறல்களை எண்ண முடிந்தது, தடுக்க முடியவில்லை. 2003 ஏப்ரலில் புலிகள் பேச்சை நிறுத்தினார்கள். 2008 ஜனவரியில் அரசு ஒப்பந்தத்தையே கைவிட்டது. அடித்தே முடித்துவிடலாம் என்று ஒரு பக்கம் நம்புகிறவரை, சமரசத்துக்கு வந்தவர் டீ குடித்துவிட்டுப் போக வேண்டியதுதான்.

எங்கள் தெருவிலும் ஒரு ரிட்டயர்டு சர்வேயர் தாத்தா அப்படித்தான் இரண்டு வீட்டிலும் டீ குடித்துக்கொண்டிருந்தார். சந்து பற்றி வாயே திறக்கமாட்டார். 2011 டிசம்பரில் 'தானே' புயல் இரண்டு வீட்டு மதிலையும் சாய்த்தது. சந்தில் நின்ற முருங்கையும் ஒடிந்தது. இருவருக்கும் கையில் காசில்லை. அன்று சாயங்காலம் தாத்தா டேப்போடு வந்தார். பொதுவாக ஒரே மதில், செலவு பாதிப் பாதி. சந்து எங்களுக்கு, முருங்கை அவர்களுக்கு.

முருங்கை திரும்பத் துளிர்த்துவிட்டது. காய் அவர்களுக்கு, கம்பளிப்பூச்சி எங்களுக்கு. அப்பா இன்னும் முணுமுணுப்பார்.