தூண்டில் தூக்கும் பையனை மீன்வளம் படிக்க அனுப்பலாமா?

ஊட்டிக்குப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். பையன் பிளஸ் டூ, உயிரியல் பிரிவு. லீவு கிடைத்தால் தூண்டிலோடு எமரால்டு அணைப் பக்கம் போய்விடுகிறான். நீட் கோச்சிங்குக்குப் பணம் கட்டப் போகும் நேரத்தில், "மீன்வளம் படிச்சு அவலாஞ்சி டிரவுட் பண்ணையில வேலைக்குப் போறேன்" என்கிறானாம். "படிக்க வச்சு மீன்காரனாக்கவா?" என்று மாமனார் ஒரு பக்கம். என்ன செய்வது என்று கேட்கிறார்.

அம்மா, மாமனாரின் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். பி.எஃப்.எஸ்சி. என்னும் மீன்வளப் பட்டப்படிப்பு வேளாண்மை, கால்நடை மருத்துவம் போல ஒரு தொழிற்படிப்பு. நான்கு ஆண்டுகள். தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி 1977-இலேயே தொடங்கியது. நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்டு 2012-இல் இதற்கென்றே தனிப் பல்கலைக்கழகமும் வந்துவிட்டது. பொன்னேரியிலும் தலைஞாயிறிலும் கல்லூரிகள் இருக்கின்றன. நீட் தேவையில்லை, பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான் சேர்க்கை. அதனால் நீட் எழுதினாலும் எழுதாவிட்டாலும் விண்ணப்பம் போட்டு வைப்பதில் நட்டமில்லை.

படிப்பைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. "அவலாஞ்சியில வேலை" என்கிறானே, அதுதான் உறுத்துகிறது.

டிரவுட் என்பது குளிர்ந்த நீரில் வாழும் மீன். நீலகிரியில் அதை வளர்க்க 1860-களிலேயே மீன் ஆய்வாளர் பிரான்சிஸ் டே முயன்றார், கைகூடவில்லை. பிறகு மீன் வளர்ப்பு நிபுணர் எச்.சி. வில்சன் காலத்தில் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் வந்தது. அது 1907. நூறு ஆண்டு தாண்டிய அந்த இடத்துக்கு நல்ல பெயர் உண்டு, ஆனால் இடம் சின்னது. ஏன் அது பெரிதாகவில்லை என்பதற்கு மீனின் உடம்பே பதில். தண்ணீர் இருபது டிகிரிக்குக் கீழே, ஆக்சிஜன் நிறைந்து, ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நம் மாநிலத்தில் அப்படிப்பட்ட தண்ணீர் மலை உச்சிகளில் கொஞ்சம்தான். அந்த ஒரு பண்ணையை நம்பி நான்கு வருடப் படிப்பைத் திட்டமிட முடியாது.

அந்த வேலை எப்படி இருக்கும் என்று தம்பிக்குத் தெரியுமா? குளிர்காலத்தில்தான் டிரவுட் சினை முதிரும். பனி கொட்டும் காலையில், விறைக்கும் தண்ணீரில் கையை விட்டுத் தாய் மீனைப் பிடித்து, வயிற்றை மெல்ல அழுத்தி முட்டையை ஏனத்தில் எடுக்க வேண்டும். ஆண் மீனின் விந்தைச் சேர்த்துக் கலக்கி, தட்டுகளில் பரப்ப வேண்டும். அதன் பிறகு தினமும் உட்கார்ந்து செத்த முட்டைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். விட்டால் பூஞ்சை பிடித்துப் பக்கத்து முட்டைகளும் போய்விடும். பத்து டிகிரித் தண்ணீரில் குஞ்சு வெளியே வர ஒரு மாதம் ஆகும். தூண்டில் போட்டுக் காத்திருக்கிற பொறுமை வேறு, இந்தப் பொறுமை வேறு.

சரி, மலையில் மற்ற அணைகள் இருக்கின்றனவே, மேல் பவானி, பைக்காரா, போர்த்திமந்து என்று நீங்கள் கேட்கலாம். அவையெல்லாம் மின்சாரத்துக்காகக் கட்டியவை. ஆழம் அதிகம், குளிர் அதிகம், சுற்றிலுமிருந்து வந்து சேரும் சத்து குறைவு. மின் உற்பத்திக்கு ஏற்பத் தண்ணீர் ஏறி இறங்கும். தம்பி எமரால்டில் பிடிப்பது பெரும்பாலும் சாதாக்கெண்டையாகத்தான் இருக்கும். அது கரையோரச் செடிகளில் முட்டையை ஒட்டி வைக்கிற மீன். தண்ணீர் இறங்கினால் முட்டை காய்ந்து போகும். மீன் இருக்கும், ஆனால் அதை வைத்து ஆயிரம் பேர் பிழைக்கிற அளவுக்கு இருக்காது. காட்டுப் பகுதி என்பதால் வனத்துறை அனுமதியும் வேண்டும். தூண்டில் சுற்றுலா நடத்திச் சம்பாதிக்கலாம் என்று அவன் நினைத்தால், அதை வருமானக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்பேன். டிரவுட் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விட்ட மீன். முக்குர்த்தி போன்ற தேசியப் பூங்காவில், உள்ளூர் உயிரினங்களுக்கு நடுவே அதற்கு என்ன இடம் என்ற கேள்வியும் இருக்கிறது. (கல்லூரியில் இதை வைத்து நல்ல சண்டை போடலாம்.)

உண்மையான வேலை மலைக்குக் கீழே இருக்கிறது. பவானிசாகர், மேட்டூர், அமராவதி, ஆழியாறு. நீர்த்தேக்க மீன்வளம் குளத்து மீன் வளர்ப்பு அல்ல. தீவனம் போட்டு மாளாது, தண்ணீரை வடித்து மீனை அள்ளவும் முடியாது. எத்தனை குஞ்சு விடுவது, எந்த அளவில் விடுவது, வலைக்கண் எவ்வளவு இருக்கலாம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. குஞ்சு சின்னதாக இருந்தால் அணையிலுள்ள பெரிய மீன்களுக்குத் தீனி. அதனால் விரல் நீளத்துக்கு வளர்த்து விடுவார்கள், விரலிகள் என்று பெயர். மேட்டூரில் கிடைக்கிற கட்லாவே காவிரிக்குச் சொந்தமில்லை, வடக்கு ஆறுகளிலிருந்து கொண்டுவந்து விட்டதுதான். விடியற்காலை பரிசல்கள் கரைக்கு வரும்போது நின்று, இனம் பிரித்து, எடை போட்டு, எழுதி வைக்க வேண்டும். பங்கு குறைந்தது, வலை கிழிந்தது, விலை போகவில்லை என்று மீனவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டும். பாதி நாள் மீனோடு, பாதி நாள் மனிதர்களோடு. தனியாக இருக்கப் பிடித்துத்தான் ஏரிக்குப் போகிறான் என்றால், இந்தப் பாதியை அவனிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

வேலைவாய்ப்பு? டி.என்.பி.எஸ்.சி. மூலம் மீன்வள ஆய்வாளர், உதவி இயக்குநர் பணிகள் உண்டு. அறிவிப்பு வருடா வருடம் வரும் என்று நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது. பலருக்குத் தெரியாத கதவு ஒன்று இருக்கிறது: பொதுத்துறை வங்கிகளின் வேளாண் கள அலுவலர் தேர்வை மீன்வளப் பட்டதாரியும் எழுதலாம். தனியாரில் இறால் பண்ணை, தீவனக் கம்பெனி, குஞ்சு பொரிப்பகம். அவற்றில் பாதி ஆந்திரக் கரையில் இருக்கும், தெலுங்கு நாலு வார்த்தை கற்றுக்கொண்டால் நல்லது. மேலே படிக்க மும்பையில் மத்திய மீன்வளக் கல்வி நிறுவனம். நீர்த்தேக்கங்களில் ஆய்வு செய்ய கொல்கத்தா அருகே பாரக்பூரில் மத்திய உள்நாட்டு மீன்வள ஆராய்ச்சி நிறுவனம்.

குளிர்நீர் மீன்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், அதற்கும் வழி இருக்கிறது, ஆனால் வடக்கே போகும் ரயிலில். உத்தரகாண்டின் பீம்தாலில் குளிர்நீர் மீன்களுக்கென்றே மத்திய ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. இமாச்சலத்தின் பட்லிகுல், காஷ்மீரின் கோகர்நாக் பண்ணைகள் பெயர் பெற்றவை. அங்கே சாதாரண விவசாயிகளே ஓடும் நீரில் தொட்டி கட்டி டிரவுட் வளர்த்து விற்கிறார்கள். ஊட்டிக் குளிரில் வளர்ந்த பையனுக்கு அந்த ஊர் ஒன்றும் புதிதாக இருக்காது.

இப்போதைக்கு நீட் தேர்வை ஒரு முறை எழுதட்டும். அதற்காக ஒரு வருடம் வீட்டில் உட்கார வைக்காதீர்கள், அவனுக்கே அதில் மனமில்லை என்று உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை பவானிசாகரில் பரிசல் கரையேறும் இடத்துக்கு அவனை அப்பாவோடு அனுப்புங்கள். முடிந்தால் தாத்தாவும் போகட்டும். தூண்டிலை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டும். திரும்பி வந்ததும் என்ன பார்த்தாய் என்று மட்டும் கேளுங்கள். எத்தனை கிலோ, என்ன மீன், ஏன் இந்த வாரம் குறைவு என்று பேசுகிறானா, இல்லை "செம்ம பெரிய மீன்மா" என்பதோடு நிறுத்துகிறானா என்று கவனியுங்கள்.

அப்புறம் அவனை என்னிடம் அழைத்து வாருங்கள். மதிப்பெண் பட்டியலோடு, எமரால்டில் எந்த நாள் எந்த மீன் சிக்கியது என்று எங்காவது எழுதி வைத்திருந்தால் அந்த நோட்டையும் கொண்டுவரச் சொல்லுங்கள்.